முழுக் கரண்டிக்கு எதிராக ஒரு போராட்டம்

சத்துணவு அமைப்பாளர் வேலையில் சோறு குறைந்தாலும் திட்டு, மிஞ்சினாலும் திட்டு; சரியாக இருந்த நாளை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அரை ஆயுளை அடுப்படியிலும் மீதியை ஆர்ப்பாட்டப் பந்தலிலும் கழித்த என் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் முப்பத்தோரு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். படிப்பு பத்தாவதோடு நின்றது. அதற்கு மேல் படித்ததெல்லாம் சங்கத்துத் துண்டறிக்கைகள்தான். மறியல், உண்ணாவிரதம், காத்திருப்புப் போராட்டம் என்று எல்லாவற்றிலும் முன்வரிசையில் இருந்திருக்கிறேன். கேட்டதில் பெரும்பாலானவை இன்னும் பரிசீலனையில் இருக்கின்றன.

ஒன்றே ஒன்று கிடைத்தது. முதலில் முசிறிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் சமையல் உதவியாளராகச் சேர்ந்தேன். அங்கே சோறு போடும் கரண்டியின் அடியை யாரோ வேண்டுமென்றே உள்பக்கமாக நசுக்கி வைத்திருந்தார்கள். பிள்ளைக்குச் சேர வேண்டிய சோற்றில் ஒரு பிடி அந்தப் பள்ளத்திலேயே காணாமல் போய்விடும். நானும் நாலு தாய்மார்களும் அந்தக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு போய் அதிகாரியின் அலுவலக வாசலில் உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் புதுக் கரண்டி வந்தது. அன்று முதல் போன வருஷம் வரைக்கும் என் கையால் சாப்பிட்ட எந்தப் பிள்ளைக்கும் முழுக் கரண்டிக்குக் குறைந்து விழுந்ததில்லை. இப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறேன். போன வருஷம் அங்கே ஒரு போராட்டம் நடந்தது. அந்த முழுக் கரண்டியை என்னிடமிருந்து பிடுங்குவதற்காக.

வாளி

கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் மிச்சச் சோற்றைக் கொட்டுகிற நீல வாளி ஒன்று இருக்கும். ஒரு திங்கட்கிழமை அதைச் சுற்றிப் பதினோரு பிள்ளைகள் அட்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். பள்ளியின் சூழல் மன்றமாம். தலைவி ஒன்பதாம் வகுப்பு கோதை. ரெட்டைப் பின்னல், கண்ணாடி, மைக் தேவைப்படாத குரல். எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் வாளிக்குள் சோறு எதுவரை நிற்கிறதோ அந்த மட்டத்துக்கு வெளிப்புறம் சாக்பீஸால் கோடு போட்டாள். கோடு வாளியின் பாதிக்கு மேலே இருந்தது. எனக்கு அது புதிதில்லை. பார்க்காத மாதிரி நடந்து போகப் பழகியிருந்தேன்.

அட்டையில் "உணவை வீணாக்காதீர்" என்று எழுதியிருந்தது. பழக்கதோஷம், சும்மா இருக்க முடியவில்லை. "யாரைக் கேக்குறீங்க, என்ன வேணும், எப்போ வேணும்? ஒண்ணும் இல்லையே. கோரிக்கை இல்லாத கோஷம் உப்பில்லாத சாம்பார்" என்றேன். மறுநாள் புது அட்டை வந்தது: "சத்துணவு மையமே! அளவு கேட்டுப் பரிமாறு!" முப்பது வருஷமாக நான் "அரசே!" என்று எழுதிய இடத்தில் என்னைத் தூக்கி வைத்திருந்தார்கள். நான் அதைப் படித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று கோதை கேட்டாள்: "நீங்க சொன்ன மாதிரியே கோரிக்கையைச் சேத்துட்டோம் டீச்சர். இப்போ சரியா இருக்கா?"

மனு

புதன்கிழமை மனு வந்தது. ஒவ்வொரு பிள்ளையிடமும் அரையா, முக்காலா, முழுசா என்று கேட்டுப் போட வேண்டும்; எல்லோருக்கும் முழுக் கரண்டி போடுவதை நிறுத்த வேண்டும். கீழே பதினோரு கையெழுத்து. நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டு மெதுவாகப் படித்தேன். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். பிறகு என் வாயிலிருந்து வந்த வார்த்தையைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "பரிசீலிக்கிறேன்" என்றேன். இந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு எத்தனை மேஜைகளுக்கு முன்னால் நான் கத்தியிருக்கிறேன்!

ஆனால் எனக்குக் காரணம் இருந்தது. அதன் பெயர் முத்துலட்சுமி, ஆறாம் வகுப்பு. அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார், அம்மா அங்கேயே வெங்காயம் தரம் பிரிக்கிறாள். இரண்டு பேரும் விடியுமுன் கிளம்பிவிடுவார்கள். பள்ளிக்கூடத்துக் காலை உணவு அஞ்சாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பசி ஆறாம் வகுப்புக்கும் கூடவே வருகிறது. அந்தப் பிள்ளைக்கு எங்கள் கரண்டிச் சோறுதான் அன்றைக்கு முதல் சோறு. நாலு தோழிகள் முன்னால் "எவ்வளவு வேணும்?" என்று கேட்டால் பசிக்கிற பிள்ளை "நிறைய" என்று சொல்லாது. எங்கள் வீட்டில் நாங்கள் ஆறு பேர், எனக்குத் தெரியும். பெயரைச் சொல்லாமல் இதைக் கோதையிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு பேனாவை நீட்டினாள்: "எத்தனை நாளுக்குள்ள பரிசீலிப்பீங்கன்னு இதுலயே எழுதிக் கொடுத்துடுங்க டீச்சர்."

நாடகம்

அடுத்த வாரம் காலை வழிபாட்டில் விழிப்புணர்வு நாடகம். கதை சின்னது. ஒரு சின்னப் பிள்ளை "போதும், போதும்" என்று கெஞ்சுகிறது. ஒரு குண்டு அம்மாள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு "தின்னு! தின்னு!" என்று கரண்டியால் துரத்துகிறாள். கடைசியில் சோறே எழுந்து வந்து அழுகிறது. அந்த அம்மாள் இடது கையை இடுப்பில் வைத்துத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்ற நிலையைப் பார்த்ததும் பள்ளிக்கூடமே என் பக்கம் திரும்பியது. எங்கள் சமையலர் பாப்பாத்தி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் ஒரு காலத்தில் தெருமுனையில் மந்திரி வேஷம் கட்டி ஆடியவள்தான். அந்த மந்திரிக்கு எப்படி இருந்திருக்கும் என்று அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

நாடகம் முடிந்ததும் என் வேஷம் போட்ட பிள்ளை நேராக அடுப்படிக்கு வந்தது. மன்னிப்புக் கேட்க வருகிறது என்று நினைத்து முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன். "டீச்சர், உங்க பழைய சேலை ஒண்ணு கிடைக்குமா? எங்கம்மா சேலையில உங்களை மாதிரியே வர மாட்டேங்குது."

துண்டறிக்கை

பேரணியும் நடந்தது. உத்திர வீதியில் பிள்ளைகள் வரிசையாகப் போய்க் கடைக்குக் கடை துண்டறிக்கை கொடுத்தார்கள். சாயங்காலம் பஸ் ஏறும் முன் ஒரு டீக்கடையில் நின்றேன். இரண்டு மெதுவடையை ஒரு தாளில் வைத்துக் கொடுத்தார்கள். பார்த்தால் அதே துண்டறிக்கை, "ஒரு பருக்கையும் வீணாக்கோம்" என்ற வரியில் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது. நாம் பார்க்காததா? நம் வாழ்நாள் அறிக்கைகள் எத்தனை வடைக்கு விரிப்பாகப் போயிருக்கும்!

பிள்ளைக்கு முதல் பாடம் ஆகட்டும் என்று தாளை மடித்துக் கொண்டுபோய் மறுநாள் கோதையிடம் காட்டினேன். முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "வடையை மிச்சம் வைக்காமச் சாப்பிட்டீங்கல்ல டீச்சர்?"

மண்டபத்துச் சோறு

என் வீரக் கதைகளைச் சொல்வதில் என்னைவிடப் பாப்பாத்திக்கு ஆர்வம் அதிகம். என்னைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை சொல்லிப் பிள்ளைகளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு அந்தக் கதையை எடுத்துவிட்டாள். ஒரு மறியலில் எங்களைக் கைது பண்ணிக் கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். மத்தியானம் எலுமிச்சைச் சாதப் பொட்டலம் வந்தது. தனியாகக் கொண்டுபோன எங்கள் சங்கத் தலைவிகளை விடாமல் சோறு எதற்கு என்று அத்தனை பேரும் பொட்டலத்தைப் பிரித்து மேடையில் கொட்டினோம். முதல் பொட்டலம் என்னுடையது. பொண்ணு மாப்பிள்ளை உட்காருகிற இடத்தில் மஞ்சளாக ஒரு மலை. அன்றைக்கு அது சரி. இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லுவேன்.

பாப்பாத்தி கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடித்தாள். பதினோரு பிள்ளைகளும் வாயைப் பிளந்து கேட்டார்கள். நான் நிமிர்ந்து நின்றேன். பாப்பாத்திக்குத் தெரியாத ஒன்று அந்தக் கதையில் உண்டு. சாயங்காலம் எங்களை விடுவித்தபோது, மண்டபம் பெருக்குகிற பெண் ஒருத்தி தனியாகக் குந்தி உட்கார்ந்து அந்த மலையை முறத்தால் வழித்துக்கொண்டிருந்தாள். எங்களில் ஒருத்தியும் குனியவில்லை. கோஷம் போட்டுக்கொண்டே வெளியே வந்தோம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கோதை கேட்டாள்: "அவ்வளவு சோத்தையும் அப்புறம் யாரு டீச்சர் அள்ளினாங்க?"

தயிர்சாத டப்பா

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் வேறு பக்கம் பாய்ந்தேன். எல்லா அதிகாரிகளும் செய்வதுதான். "நீ இங்க சாப்பிடறவளே இல்ல. தினமும் வீட்டுத் தயிர்சாத டப்பா. சாப்பிடற பிள்ளைங்க சும்மா இருக்கு. உனக்கு எதுக்கும்மா இந்தத் தலைமை?" என்றேன். போராடுகிறவர்களைப் பார்த்து வெளியாள் என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் வியாழக்கிழமை, சாம்பார் சாதம். கோதை தட்டோடு வரிசையில் நின்றாள். முட்டை சாப்பிடாத பிள்ளை, வாழைப்பழம் எடுத்துக்கொண்டாள். நான் கரண்டியை நன்றாக அழுத்தி மொண்டு முழுசாகப் போட்டேன். உட்கார்ந்து சாப்பிட்டாள். பாதியில் திணறினாள். மணி அடித்தது, எழுந்திருக்கவில்லை. வகுப்பிலிருந்து ஆள் வந்தது, எழுந்திருக்கவில்லை. தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கடைசிப் பருக்கைவரை விழுங்கிவிட்டுத் தட்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது. "பசிக்கிறவளுக்கு இது சோறுங்க டீச்சர். எனக்கு இது தண்டனை."

காத்திருப்பு

அதற்கடுத்த திங்கட்கிழமை மணி அடித்த பிறகும் பதினோரு பேரும் வகுப்புக்குப் போகாமல் வாளியைச் சுற்றிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் இல்லை, சத்தம் இல்லை, புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். கெட்டிக்காரத்தனம். படிக்கிற பிள்ளையை எந்த வாத்தியார் அதட்டுவார்?

எச்.எம். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சங்க வேலைக்கு நான் லீவு கேட்ட நாளெல்லாம் பெருமூச்சு விட்டவர். ஒரு வாரம் மட்டும் பிள்ளைகள் சொல்கிறபடி கேட்டுப் போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அப்புறம் அவர் நாற்காலியில் சாய்ந்து, பல வருஷம் காத்திருந்த மாதிரி ஒரு புன்னகை புரிந்தார்: "உங்களுக்கு நல்லா வேணும்மா."

கைத்தட்டல்

அந்த வாரம் வாளியின் கோடு சரசரவென்று இறங்கியது. மன்றத்துப் பிள்ளைகள் வரிசைக்குப் பக்கத்தில் நின்று, "அரை போதும்" என்று சொல்கிற ஒவ்வொருவருக்கும் கை தட்டினார்கள். தட்டத் தட்ட அடுத்த பிள்ளையும் அரையே கேட்டது. புதன்கிழமை முத்துலட்சுமி தட்டை நீட்டினாள். நான் கேட்காமலே முழுசாகப் போடக் கரண்டியைத் தூக்கினேன். "எனக்கு அரை போதும் டீச்சர்" என்றாள். கைத்தட்டல் எழுந்தது. அவள் முகம் மலர்ந்துபோய்விட்டது. என்னால் அரைதான் போட முடிந்தது.

சாப்பாடு முடிந்து கால் மணி நேரம் கழித்துக் குழாயடியில் அவளைப் பார்த்தேன். இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினாள், மறுபடி குடித்தாள். நான் போய்க் கோதையின் கையைப் பிடித்து இழுத்து வந்து அங்கே நிறுத்தினேன். என் கட்சி ஜெயித்துவிட்டது. இப்படி ஒரு ஜெயிப்பு எதிரிக்கும் வேண்டாம். கோதைதான் கேட்டாள், "பசிச்சா முழுசாக் கேட்டிருக்கலாமே முத்து, ஏன் கேக்கல?" அந்தப் பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "எல்லாரும் கை தட்டினாங்கக்கா. எனக்கு இதுவரைக்கும் யாரும் தட்டினதே இல்ல."

பந்தி

மறுநாள் கைத்தட்டல் இல்லை. வெள்ளிக்கிழமை கோதை அட்டை இல்லாமல் தனியாக அடுப்படிக்கு வந்தாள். ராத்திரி அழுதிருக்க வேண்டும், கண் இடுங்கியிருந்தது. அவள் அப்பா கல்யாண வீடுகளில் பரிமாறப் போகிறவராம். "வரிசையே வேண்டாம் டீச்சர். பந்தி மாதிரி எல்லாரும் உக்காரட்டும். முதல் சுத்து எல்லாருக்கும் அரைக் கரண்டி, யாரையும் கேக்க வேண்டாம். அப்புறம் ரெண்டாம் சுத்து, மூணாம் சுத்து நீங்களே வாங்க. போதும்ங்கிறவ தட்டு மேல கையைக் குறுக்க வைக்கட்டும். வேணும்ங்கிறவ ஒண்ணுமே சொல்ல வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

ஓட்டை கண்டுபிடிப்பதில் எனக்கு முப்பத்தோரு வருஷப் பயிற்சி. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கேட்கிறவளுக்கு இருந்த கூச்சத்தை எடுத்துப் போதும் என்கிறவள் கையில் கொடுத்துவிட்டாள். முழுக் கரண்டியும் தப்பித்துவிட்டது, இரண்டாக உடைந்து வரும், அவ்வளவுதான். ஒரே ஓட்டைதான் அகப்பட்டது. தரையில் உட்கார்ந்த பிள்ளைக்கு நின்றுகொண்டு போட முடியாது. ஒவ்வொரு தட்டுக்கும் குனிய வேண்டும், மூன்று சுற்று. என் முழங்காலை நினைத்தேன். மண்டபத்தில் ஒருத்தி தனியாக முறம் பிடித்து உட்கார்ந்திருந்ததையும் நினைத்தேன். சரி என்றேன். பாப்பாத்தி கரண்டியை டங்கென்று கீழே வைத்தாள்: "அக்கா, நம்ம இடுப்பை ஒடிக்கிறதுக்குன்னே இந்தப் பிள்ளைக மன்றம் வச்சிருக்கு!"

மூன்றாம் சுற்று

திங்கட்கிழமை பந்தி போட்டோம். முதல் சுற்றில் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. இரண்டாம் சுற்றில் பாதிக் கைகள் தட்டுக்குக் குறுக்கே வந்தன, கல்யாண வீட்டுப் பெரிய மனிதர்கள் மாதிரி. முத்துலட்சுமி கடைசி வரிசையில் இருந்தாள். கை மடியிலேயே இருந்தது. போட்டேன். மூன்றாம் சுற்றில் நான் அவளிடம் போய்ச் சேர்வதற்குள் என் முழங்கால் பழைய கதவு மாதிரி சத்தம் போட்டது. அப்போதும் கை மடியிலேயே இருந்தது. முழுக் கரண்டிக்கும் மேலே போய்விட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளவள் தட்டு அவளவளுக்கு.

என் கையிலிருந்த சோற்று வாளியில் இன்னும் பாதி இருந்ததால் அவளிடம் நாலாவது தரமும் குனிந்தேன். அப்போது சாம்பார் ஒட்டிய ஒரு சின்னக் கை அவசரமாகத் தட்டுக்குக் குறுக்கே வந்தது. அந்தப் பிள்ளை வயிறு நிறைந்து வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "போதும் டீச்சர், போதும்! பெல்ட்டு இறுக்குது!"

ஆய்வு

இரண்டு மாதம் கழித்து ஒரு அதிகாரி பார்வையிட வந்தார். நீல வாளியின் அடியில் கறிவேப்பிலையும் மிளகாயும் மட்டும் கிடந்தன. வெளியே சாக்பீஸ் கோடுகள் மேலிருந்து கீழே படிக்கட்டு மாதிரி இறங்கியிருந்தன. அவருக்கு ரொம்பச் சந்தோஷம். எச்.எம். பதினோரு பிள்ளைகளையும் வரவழைத்தார். வாளியை நடுவில் வைத்துப் போட்டோ எடுத்தார்கள். நான் தூணில் சாய்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தேன். பேரணிப் போட்டோக்களில் என் தலை எப்போதும் பாதிதான் விழும். இதில் அதுவும் இல்லை.

போகிற போக்கில் அவர் என்னைப் பார்த்துவிட்டு, "இந்தம்மா யாரு? இவங்களும் உங்க மன்றமா?" என்று பிள்ளைகளைக் கேட்டார். எச்.எம். வாயைத் திறப்பதற்குள் மைக் தேவைப்படாத அந்தக் குரல் முந்திக்கொண்டது: "இல்லீங்க சார், இவங்க எதிர்த்தரப்பு. ஆனா நல்ல எதிர்த்தரப்பு."

முப்பத்தோரு வருஷத்தில் கேட்டது முழுசாகக் கிடைத்த போராட்டம் இரண்டே இரண்டுதான் பார்த்திருக்கிறேன். ஒன்றில் நான் முன்வரிசை, இன்னொன்றில் நான் எதிர்வரிசை, முழங்கால் வலிப்பது மட்டும் இரண்டாவதில்தான்.